ஈக்கோவில் படுக்கை மேடை: எட்டு அங்குல உயரம் போதும்

பெருந்துறையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. வார நாள்களில் தோட்டத்துக்குத் தீவனமும் தேங்காயும் ஏற்றுகிற ஐந்து சீட் மாருதி ஈக்கோ வேன். மாதத்தில் ஓரிரு சனி, ஞாயிறு கணவனும் மனைவியுமாகக் கொல்லிமலை, வால்பாறை என்று கிளம்பி, வண்டியிலேயே படுத்துக்கொள்ள வேண்டும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டடி உயர மேடை அடித்து, அடியில் மூன்று இழுப்பறை வைக்கலாமா? ஆசாரி தயாராக இருக்கிறார். சின்ன மின்விசிறி ஒன்றை இரவு முழுவதும் ஓட்ட முடியுமா?

ஆசாரியை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். பலகையின் தடிமனைப் பிறகு பார்ப்போம். உங்கள் திட்டத்தில் இடிக்கிற இடம் அந்த இரண்டடி.

படுப்பதற்குத்தானே மேடை, உயரம் எவ்வளவு இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் வண்டிக்குள் யாரும் படுத்தே கிடப்பதில்லை. சட்டை மாற்ற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மலையில் மாலை மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் உள்ளேயே பேசிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கெல்லாம் நிமிர்ந்து உட்கார இடம் வேண்டும். ஐந்தரை அடி ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் உச்சந்தலை ஏறக்குறைய 34 அங்குலத்தில் நிற்கும். ஈக்கோவின் மொத்த உயரமே 1825 மி.மீ., அதாவது ஆறடி. சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் போனது போக உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்று உங்கள் வண்டியிலேயே டேப் பிடித்துப் பாருங்கள். கணக்குக்காக 48 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மேடைக்கு 24, மெத்தைக்கு 3 போனால் மிச்சம் 21. முழங்கையை ஊன்றிப் பாதி எழலாம், அவ்வளவுதான். அதே வண்டியில் மேடை எட்டு அங்குலம் என்றால் மெத்தை போக 37 அங்குலம் மிஞ்சும். தலையும் தப்பும், மேலே ஒரு கொசுவலை கட்டவும் இடமிருக்கும்.

உயரத்தைக் கூட்டச் சொல்வது எப்போதும் இழுப்பறை ஆசைதான். அடியில் எவ்வளவு இடம் விட்டாலும் அதை நிரப்புவதற்குச் சாமான் வந்து சேர்ந்துவிடும். ஓர் இரவுக்கு இரண்டு பேருக்கு வேண்டியது மாற்றுத் துணி, அடுப்பு, இரண்டு பாத்திரம், தண்ணீர், டார்ச். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் கேபின் கட்டுகிற பட்டறைக்குப் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகை வைத்திருப்பதைப் பாருங்கள். போர்வெல் போட வடக்கே போய் மாதக்கணக்கில் வண்டியோடு காலம் தள்ளுகிறவர்களுக்காகக் கட்டியது அது. அதில் இழுப்பறை அலங்காரம் எதுவும் கிடையாது.

இழுப்பறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. கொண்டை ஊசி வளைவில் அது தானாகத் திறக்கும். கொல்லிமலைப் பாதையில் வளைவுகள் 70, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40. ஒவ்வொரு வளைவிலும் பின்னால் தடால் என்று சத்தம் கேட்டுக்கொண்டே மலை ஏறிப் பாருங்கள், அப்போது தெரியும். தாழ்ப்பாள் போட்டு அடக்கலாம்; ஆனால் இழுப்பறைக்கான தண்டவாளம், பக்கப் பலகை எல்லாம் சேர்ந்து எடையைக் கூட்டிக்கொண்டே போகும். 8க்கு 4 அடி ஷீட் 18 மி.மீ. என்றால் 32 முதல் 37 கிலோ வரை வரும். உங்கள் வரைபடத்துக்கு இரண்டு ஷீட்டுக்குக் குறையாது. திங்கட்கிழமை காலையில் தீவன மூட்டை ஏற்ற வேண்டிய வண்டியில் இதைத் தனியாளாக யார் கழற்றி இறக்குவது?

ஆகவே நான் சொல்வது ஒரே ஒரு 12 மி.மீ. ஷீட். அதன் எடை 21 முதல் 25 கிலோ. எட்டடி நீளத்தை நான்காகப் பிரித்தால் நாலடிக்கு இரண்டடி அளவில் நான்கு பலகை கிடைக்கும். மூன்று பலகையை அடுத்தடுத்து வைத்தால் ஆறடி நீளம், நாலடி அகலப் படுக்கை. நான்காவது பலகையை நீளவாக்கில் நான்கு பட்டையாக அறுத்தால், ரம்பத்தின் வாய் தின்றது போக, ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நான்கு குறுக்குப் பலகை. மேடையின் கால் இவைதான். ஷீட்டில் வீண் என்று எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு மேல்பலகையும், அடியில் முட்டாக அறைகிற ரீப்பர் என்ற ஒல்லி மரச் சட்டங்களோடு சேர்த்து எட்டுக் கிலோ அளவில் இருக்கும். உங்கள் மனைவியே ஒரு கையால் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

அறுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஃபிரிட்ஜ் அல்லது வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி கிடைத்தால் அதை இதே அளவுகளில் வெட்டி வண்டிக்குள் விரியுங்கள். ஈக்கோவின் வெளி அகலமே 1475 மி.மீ.தான். கதவின் தடிமனும் உள் அட்டையும் போனால் நாலடி சில இடத்தில் உட்காரும், சக்கரக் கூட்டின் அருகே உட்காராது. பின் கதவிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை ஆறடியும் பெரும்பாலும் கிடைக்காது. முன் சீட்டு எவ்வளவு நகரும், எவ்வளவு சாயும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இரண்டு பேரும் அந்த அட்டையின் மீது கால் நீட்டிப் படுத்துப் பாருங்கள், முடிந்தால் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு. அட்டையைக் கத்தரிப்பதற்குக் காசு செலவில்லை.

நீளத்துக்கு வழி இது. பின்பக்கத்து இரண்டு பலகை எப்போதும் அதன் இடத்திலேயே இருக்கட்டும். வண்டி ஓட்டும்போது மூன்றாவதை அந்த இரண்டின் மீது அடுக்கி பெல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். இரவில் முன் சீட்டை முடிந்தவரை முன்னால் தள்ளிச் சாய்த்து, நான்காவது குறுக்குப் பலகையை நிறுத்தி, மூன்றாவதை அதன் மேல் இறக்கினால் ஆறடி வந்துவிடும். முன்பக்கம் தரை மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்த நான்காவது பலகையின் அடியை அதற்கேற்ப வெட்டிக்கொள்ள வேண்டும். சீட்டு நகரவே நகராது என்றால் மூன்றாவது பலகையைக் கிடைக்கிற நீளத்துக்குக் குறைத்துவிடுங்கள். கீல் வைத்து மடக்கலாமே என்று ஆசாரி சொல்வார். அழகாகத்தான் இருக்கும், ஆனால் குலுக்கலில் முதலில் தளர்வது கீலின் ஸ்குரூதான். தூக்கி வைக்கிற பலகையில் தளர எதுவுமில்லை.

தலையைப் பின் கதவுப் பக்கம் வையுங்கள், காலை முன் சீட்டுப் பக்கம். இதற்கு இரண்டு காரணம். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி இடுப்புக்கு மேலே இருக்கிறது. தனியாக நிறுத்தின நான்காவது பலகை காலை மட்டும் தாங்கினால் போதும். இரண்டாவது, ஈக்கோவின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மலை ஏறி வந்த எஞ்சின் அடங்க நேரமாகும், அதன் சூடும் வாடையும் காலோடு நிற்கட்டும். சேர்ந்தவுடன் படுக்கையை விரிக்காமல் சமையலை முடித்துவிட்டு வந்து விரித்தால் இன்னும் நல்லது.

12 மி.மீ. தாங்குமா என்று ஆசாரி புருவம் உயர்த்துவார். வெறும் பலகை தாங்காதுதான். இரண்டடி இடைவெளியில் இரண்டு முட்டு மட்டும் கொடுத்து 12 மி.மீ. பலகையில் ஆள் முழங்காலை ஊன்றினால் அது வளையும், நாளடைவில் உடையும். அதனால் ஒவ்வொரு மேல்பலகையின் அடியிலும் இரண்டுக்கு ஒன்று அங்குல ரீப்பரை, இரண்டங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி, வண்டியின் நீளவாக்கில் ஒட்டி ஸ்குரூ போட வேண்டும். ஒரு பலகைக்கு ஐந்து. நான்கு போதாதா என்றால், ஷீட்டின் மேல்வரி, அதாவது மேலே தெரிகிற மர இழை, எட்டடி நீளத்தில் ஓடும். நாம் அறுக்கிற விதத்தில் அந்த வரி ரீப்பருக்கு இணையாகப் போய்விடும். பிளைவுட் தன் மேல்வரிக்குக் குறுக்கே பலம் குறைந்தது. ஆகவே ரீப்பருக்கும் ரீப்பருக்கும் ஓரடிக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பதுதான் சரி.

இன்னொரு நுணுக்கம், பலரும் விட்டுவிடுவது. நடுக் குறுக்குப் பலகைகளின் மேல் இரண்டு பக்கத்து ரீப்பர் முனைகளும் வந்து உட்கார வேண்டும். 12 மி.மீ. விளிம்பில் ஆளுக்கு 6 மி.மீ. என்றால் முதல் பள்ளத்திலேயே நழுவி விழும். குறுக்குப் பலகையின் மேல்விளிம்பை ஒட்டி இரு பக்கமும் ஓரங்குலச் சட்டம் அறையுங்கள், இரு ஓரத்துப் பலகைகளுக்கும் உள்பக்கம் மட்டும். இப்போது ரீப்பர் முனைக்கு ஓரங்குலத்துக்கு மேல் இருக்கை கிடைக்கும். குறுக்குப் பலகைகள் சாயாமல் இருக்க, முதல் மூன்றையும் தரையோடு ஒட்டிய இரண்டு நீளச் சட்டத்தில் பாதி வெட்டுப் போட்டு முட்டை அட்டையின் உள்தடுப்பு போல ஒன்றுக்குள் ஒன்று செருகிவிடலாம். இழுத்தால் தனித்தனியாக வந்துவிடும், செருகினால் அசையாது. நான்காவதற்கு மட்டும் இரு முனையிலும் சின்னப் பாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். குறுக்குப் பலகை ஏறக்குறைய ஆறு, ரீப்பர் இரண்டு, மேல்பலகை அரை. எட்டரைக்கு உள்ளே நிற்கும். அடியில் கிடைக்கிற இடம் ஆறங்குலம். மூன்று அறையாகப் பிரிந்திருக்கும். துணியைப் பையில் தட்டையாக அடுக்கலாம், அடுப்பும் தட்டும் போகும். பின் கதவைத் திறந்தால் முதல் அறைக்குக் கை எட்டும், பக்கக் கதவைத் திறந்தால் நடு அறைக்கு. 20 லிட்டர் தண்ணீர் கேன் அடியில் போகாது. அதை முன் சீட்டின் முதுகை ஒட்டித் தரையில் வைத்துக் கட்டுங்கள். சக்கரக் கூடு எட்டு அங்குலத்துக்கு மேல் எழும்பி நின்றால், அந்த இடத்தில் மட்டும் பலகையின் ஓரத்தை வளைவாக வெட்டிக்கொள்ளலாம். கூட்டைத் தாண்டுவதற்காக மேடை முழுவதையும் உயர்த்த வேண்டாம்.

மரம். கடையில் வெறுமனே பிளைவுட் என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் ஐ.எஸ். 303 முத்திரை போட்ட சாதாரண ரகம். கொதிநீர் தாங்குகிற மரைன் ரகத்துக்கு ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கும். ஈரப் பொருளும் மழைக்காலமும் வண்டியின் வெக்கையும் மாறி மாறி அடிக்கிற இடத்துக்கு இரண்டாவதுதான் சரி. சதுர அடிக்கு விலை கூடும், ஆனால் நாம் வாங்குவது 32 சதுர அடி மட்டும். மரத்தூள் பலகையைத் தொடவே தொடாதீர்கள். ஈரம் பட்டால் உப்பிவிடும், ஸ்குரூவைப் பிடிக்காது. புதுப் பிளைவுட்டில் பசையின் வாடை இருக்கும். சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் அது கண்ணை எரிக்கும். அறுத்த பலகைகளை ஒரு வாரம் திண்ணையில் காற்றாட வைத்துவிட்டு, பிறகு விளிம்புகளைத் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். அறுத்த விளிம்பில்தான் ஈரம் ஏறும், அங்கே இரண்டு கோட் சேர்த்தே அடிக்கலாம். மேலே மைகா ஒட்ட வேண்டாம், மெத்தை வழுக்கிக்கொண்டு போகும்.

ரீப்பருக்குப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. கோவையிலும் திருப்பூரிலும் இயந்திரம் இறக்குமதியாகி வருகிற பெட்டிகளின் பைன் மரம் பழைய மரக் கடைகளில் கிடைக்கும். எடை குறைவு, நேராக இருக்கும், அறுக்கச் சுலபம். ஒன்றை மட்டும் பாருங்கள். வெளிநாட்டுப் பெட்டி மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்ற எழுத்து இருந்தால் பூச்சி போகச் சூடு காட்டிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மெதில் புரோமைடு புகை போட்டது. பக்கத்தில் தலை வைத்துத் தூங்குகிற இடத்துக்கு அது வேண்டாம்.

ஆணி வேண்டாம். ஓடுகிற வண்டியில் ஆணி மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். மரப் பசையும் ஸ்குரூவும் சேர்ந்தால் நிற்கும். போல்ட் போடுகிற இடத்தில் நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள், தானாகத் தளராது. கிறீச் சத்தம் மரம் மரத்தோடு உரசுவதால் வருவது. பஞ்சர் கடையில் பழைய டியூப் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஓரங்குலப் பட்டையாகக் கத்தரித்து, ரீப்பர் உட்காருகிற சட்டத்தின் மீதும் தரையைத் தொடுகிற விளிம்பின் அடியிலும் ஒட்டிவிட்டால் சத்தம் அடங்கும், வழுக்கவும் செய்யாது.

வண்டியோடு பிணைப்பதுதான் அலட்சியமாக விடக் கூடாத வேலை. அசைக்க முடியவில்லையே, எதற்குக் கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மோதலில் எடை இருபது மடங்காக வந்து அடிக்கும். முப்பது கிலோ மேடை அந்தக் கணத்தில் அறுநூறு கிலோ போல முன் சீட்டின் முதுகில் வந்து மோதும். பின் சீட்டைக் கழற்றிய இடத்தில் அந்தச் சீட்டைப் பிடித்திருந்த போல்ட் துளைகள் இருக்கின்றன. கம்பெனி கொடுத்த அதே துளையில், அதே அளவு போல்ட்டில், தடித்த இரும்புப் பட்டை ஒன்றை மாட்டி, மேடையின் நீளச் சட்டத்தை அதோடு இணையுங்கள். தரையில் புதிதாகத் துளை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் ஓடுகின்றன, டிரில் பிட்டுக்கு அது தெரியாது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எத்தனை சீட் என்பதும் அந்த விவரத்தில் ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அதனால்தான் வெல்டிங், நிரந்தர வெட்டு எதுவும் இல்லாமல், ஸ்பானர் ஒன்றை வைத்து அரை மணியில் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற அமைப்பைச் சொல்கிறேன். பயணம் முடிந்ததும் சீட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ஓடுகிற வண்டியில் மேடையில் யாரையும் உட்காரவோ படுக்கவோ விடாதீர்கள். பேரனோ பேத்தியோ கூட வருகிறேன் என்றால், பெல்ட்டோடு சீட்டு வேண்டும். அன்றைக்கு மேடை வீட்டில் இருக்கட்டும்.

பிளைவுட்டே வேண்டாம், தோட்டத்துக் கட்டில் மாதிரி ஸ்கொயர் டியூபில் சட்டம் அடித்து நைலான் நாடா பின்னிவிடலாமே என்று யோசிப்பீர்கள், நம் பக்கத்தில் எல்லோருக்கும் வருகிற யோசனை. காற்றோட்டத்துக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை, மெத்தையும் வேண்டாம். ஒற்றை ஆளுக்கு நானே அதைத்தான் சொல்வேன். இரண்டு பேர் என்றால் நாடா நடுவில் தொய்ந்து இருவரையும் ஒரே பள்ளத்தில் உருட்டும். இழுத்துக் கட்டினால் சட்டம் உள்ளே வளையும், அதைத் தடுக்கத் தடித்த டியூப் போட வேண்டும், எடை மறுபடி ஏறும்.

மெத்தைக்கு மூன்று அங்குலம் போதும். அதையும் மூன்று துண்டாக, பலகை அளவுக்கே தைத்துவிடுங்கள். தலையிலிருந்து இரண்டடியிலும் நாலடியிலும் இணைப்பு வரும். இடுப்பு நடுத் துண்டின் மத்தியில் விழும், உறுத்தாது. பகலில் இரண்டு துண்டை அடுக்கினால் உட்கார மெத்தை ஆயிற்று. பொள்ளாச்சிப் பக்கத்து நாரில் செய்த ரப்பர் கலந்த மெத்தை இரண்டு அங்குலமும் மேலே ஓரங்குல ஃபோமும் நல்ல சேர்க்கை, அடியில் காற்றுப் போகும். இலவம்பஞ்சு வீட்டுக்கு அருமையானது. வண்டியில் ஈரத்தை இழுத்துக் கட்டிகட்டியாகிவிடும், அடிக்கடி வெயிலில் போட முடிகிறவர்களுக்கு மட்டும். ரெக்ஸின் உறை வியர்க்கும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்தால் மெத்தை நழுவாது; பகலில் அதையே எடுத்துத் தரையில் விரித்துச் சாப்பிடலாம். மேல்பலகையில் அங்கங்கே ஒன்றரை அங்குலத் துளை போடச் சொல்லுங்கள், ரீப்பர் இல்லாத இடத்தில். ஓர் ஆள் ஓர் இரவில் மூச்சிலும் வியர்வையிலுமாக ஏறக்குறைய கால் லிட்டர் ஈரத்தை வெளியே விடுகிறார். கொல்லிமலைக் குளிரில் அது கண்ணாடியிலும் மெத்தையின் அடியிலும்தான் போய்ப் படியும். துளை இல்லாவிட்டால் சில மாதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அதனால் எவ்வளவு குளிர்ந்தாலும் எதிரெதிராக இரண்டு கண்ணாடி இரண்டு விரல்கடையாவது திறந்திருக்க வேண்டும். கரூரில் நெய்கிற கொசுவலைத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, கதவின் மேல்பகுதிக்கு உறை மாதிரி தைத்து மாட்டிவிட்டால் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு கதவையும் சாத்தலாம். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் அப்போது வண்டியின் பக்கவாட்டை மேற்குக்குக் காட்டி நிறுத்தினால் விசிறியே தேவைப்படாது. மூக்கைக் காட்டி நிறுத்தினால் உள்ளே காற்றே வராது, வண்டி மட்டும் ஆடும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்குவதும், குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைப்பதும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழவே மாட்டார். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனில் தூங்கிய இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த அந்த வாயு உள்ளே கசிந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. கேஸ் அடுப்பும் வெளியேதான்.

படுக்கும் முன் உள்ளிருந்து திறக்கிற கதவு எது என்று இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பல வண்டிகளில் பின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இருக்காது. பக்கக் கதவின் வழியில் சாமான் அடுக்காதீர்கள், சைல்டு லாக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சரிவில் நிறுத்த வேண்டி வந்தால், தலை பின்பக்கம் என்பதால், வண்டியின் பின்புறம் மேட்டில் இருக்க வேண்டும். ரிவர்ஸ் கியர், கைப்பிரேக், முன் சக்கரத்துக்கு முன்னால் கட்டை, மூன்றும் வேண்டும். மட்டம் பார்க்கப் பாதி நிறைந்த தண்ணீர் பாட்டிலைப் பலகையில் படுக்க வைத்தாலே தெரியும்.

எங்கே நிறுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காட்டுக்குள் வண்டியில் தங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் பண்ணாரி முதல் திம்பம் வழியாகப் போகிற சாலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. கார்களுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. நேரம் பார்த்துக் கிளம்பாவிட்டால் சோதனைச் சாவடியிலேயே இரவு கழியும். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். வால்பாறையில் எஸ்டேட் ஓரம் ஆளில்லாமல் அமைதியாக இருக்கும், ஆனால் அது தனியார் நிலம், யானையும் சிறுத்தையும் நடமாடுகிற இடம். வண்டிக்குள் பலாப்பழமோ வாழைத்தாரோ இருந்தால் யானைக்கு அழைப்பு அனுப்பியது மாதிரிதான். முதல் பயணத்துக்குக் கொல்லிமலையைச் சொல்வேன். அங்கே தங்கும் விடுதி நடத்துகிறவர்களிடம் கேட்டு, வாசலில் நிறுத்திக் கழிவறையை மட்டும் பயன்படுத்திக்கொள்ள ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள்.

விசிறி. வண்டி பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டாம், காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை மலைமேல் யார் தள்ளுவது? 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கில் ஏறக்குறைய 74 வாட் மணி இருக்கும். மாற்றும்போது வீணாவது போக 60 என்று வையுங்கள். ஐந்து வாட் யு.எஸ்.பி. விசிறி அதில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அதைத் தலைமாட்டில் வைக்காமல், கால்மாட்டுக் கண்ணாடி இடுக்கில் காற்றை வெளியே தள்ளும்படி கட்டுங்கள். தலைமாட்டுக் கண்ணாடி வழியாகக் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும்.